டேப்லெட் வாங்கலாமா? ப்ரூஃப் பார்க்கிற மேசையிலிருந்து சில பதில்கள்

நான் மதுரையில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்பு (ப்ரூஃப்) பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போவதற்கு முன் பக்கங்களில் பிழை திருத்துகிறேன். 2022 தொடக்கத்திலிருந்து என் மேசையில் ஒரு ஐபேட் இருக்கிறது. 2021 செப்டம்பரில் வெளியான 9ஆம் தலைமுறை, 10.2 அங்குலத் திரை, 64 ஜிபி, வைஃபை மட்டும். சொந்தக்காரர்கள், நண்பர்கள், கூட வேலை பார்க்கிறவர்கள் என்று யாராவது ஒருவர் மாதம் தவறாமல் "டேப் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். நான் தினமும் கையில் பிடிப்பது ஐபேட் என்பதால் பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும், ஒப்பிட வேண்டிய இடத்தில் மற்றவையும் வரும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், வாங்கலாமா வேண்டாமா?

படிப்பதும், படிக்கிற பக்கத்திலேயே கையால் குறிப்பு எழுதுவதும் உங்கள் நாளில் பெரும்பங்கு என்றால் தயங்காமல் வாங்குங்கள். பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்வதும், பத்து கோப்புகளைத் திறந்து வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும்தான் வேலை என்றால் அந்தப் பணத்தை லேப்டாப்பில் போடுங்கள். வெறும் வீடியோ பார்க்க என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை.

கையில் பெரிய போன் இருக்கிறது, வீட்டில் லேப்டாப் இருக்கிறது. நடுவில் இது எதற்கு?

2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை மேடையில் காட்டியபோது இந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுப்பினார்: போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றுக்கு இடம் இருக்கிறதா, இருந்தால் அது சில வேலைகளையாவது அந்த இரண்டையும்விட நன்றாகச் செய்ய வேண்டும் என்று. அந்தச் 'சில வேலைகள்' எவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு அது ஒரு புத்தகப் பக்கத்தின் அளவு.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழில் வருகிற நாவல், கட்டுரைத் தொகுப்புகளில் பெரும்பாலானவை டெம்மி அளவு, அதாவது ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும். என் ஐபேடின் திரையை ஸ்கேல் வைத்து அளந்தால் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம், எட்டு அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம். ஆக ஒரு டெம்மி பக்கம், ஓரத்து வெள்ளையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால், அச்சில் வரப்போகிற அதே அளவில் திரையில் உட்கார்ந்துவிடுகிறது. அதைவிடச் சிறிய க்ரௌன் அளவுப் புத்தகம் என்றால் அசலைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். போனில் இதே பக்கத்தைப் படிக்க விரலால் இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். லேப்டாப் திரையோ படுத்துக் கிடக்கிறது, பக்கமோ நிமிர்ந்து நிற்கிறது. பாதிப் பக்கம்தான் ஒரு நேரத்தில் தெரியும். அப்புறம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஈசிசேரில் சாய முடியாது.

ஏ4 தாளில் வருகிற ஆவணங்கள் வேறு கதை. முழுப் பக்கத்தையும் திரைக்குள் அடக்கினால் எழுத்து எழுபது சதவீதமாகச் சுருங்கிவிடும். வக்கீல்கள், ஆடிட்டர்கள், ஏ4 தவிர வேறு எதையும் பார்க்காதவர்கள் 12.9 அல்லது 13 அங்குலத் திரைதான் பார்க்க வேண்டும், விலையும் அதற்கேற்றபடிதான்.

அதில் ப்ரூஃப் எப்படிப் பார்க்கிறீர்கள்? தாளில் பார்க்கிற மாதிரி வருமா?

முதல் இரண்டு ப்ரூஃபுக்கு தாளைவிட நன்றாக வரும். கடைசி ப்ரூஃபுக்குத் தாள்தான்.

டிடிபி செய்கிறவர், அதாவது கணினியில் பக்கம் அமைக்கிறவர், பிடிஎஃப் அனுப்புகிறார், அதைத் திறந்து பேனாவால் சிவப்பில் திருத்தம் எழுதுகிறேன், அதே கோப்பைத் திருப்பி அனுப்புகிறேன். முன்பெல்லாம் நானூறு பக்கக் கட்டு கூரியரில் வரும், பார்த்து முடித்துக் கட்டித் திருப்பி அனுப்ப ஒரு வாரம் போய்விடும். இப்போது காலையில் வந்த அத்தியாயம் மாலையில் திரும்பிவிடுகிறது.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. பழைய புத்தகத்தை மறுபதிப்பு போடும்போது மூலத்தின் ஸ்கேனை ஒரு பாதியிலும் புதிய ப்ரூஃபை மறு பாதியிலும் வைத்து ஒப்பிடுவேன். போன மாதம் ஒரு பக்கத்தில் 'அவன் சொன்ன ஊர்' என்று ப்ரூஃபில் இருக்கிறது, மூலத்தில் 'சொன்ன' என்பதன் கடைசி எழுத்துக்கு மேலே ஒரு பொட்டு. 'சொன்னன்' என்று பழைய வழக்கில் எழுதி ஒரு எழுத்து விட்டுப்போனதா, 'சொன்ன்' என்று ஏதாவது அச்சுப் பிழையா, அல்லது வெறும் கறையா? இரண்டு விரலை வைத்து விரித்தேன். அச்சு மையில் விழுந்த புள்ளி கறுப்பாக, விளிம்பு வெட்டினாற்போல இருக்கும். இது பழுப்பாக, ஓரம் தாளுக்குள் கரைந்துபோயிருந்தது. காகிதக் கறை. தாளில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஜெராக்ஸ் பிரதியில் இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். புள்ளி இருப்பதும் இல்லாததும் தமிழில் சொல்லையே மாற்றிவிடும் என்பதால் எனக்கு இந்த ஒரு வசதி போட்ட காசுக்கு ஈடு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் கொம்பு வைத்த 'னை', 'லை', சுழித்த 'றா', 'னா' எல்லாம் வரும், மங்கிய ஸ்கேனில் அவற்றைச் சரியாகப் படிக்கவும் இப்படிப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் முடிகிறது.

பிறகு ஏன் கடைசி ப்ரூஃப் தாளில்? திரையில் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறோம். எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்து எப்படி விழுகின்றன, தலைப்பு வரி இடதிலும் வலதிலும் சரியாக மாறுகிறதா, அத்தியாயம் வலப்பக்கத்தில் தொடங்குகிறதா என்பதெல்லாம் விரித்துப் போட்ட தாளில்தான் சட்டென்று கண்ணில் படும். இரண்டு பக்கங்களை ஒன்றாகத் திரையில் போட்டால் எழுத்து சிறுத்துவிடும். இன்னொன்று, இது என் அனுபவம்: திரையில் மூன்று முறை பார்த்தும் தப்பிய பிழை தாளில் முதல் பார்வையிலேயே மாட்டுகிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அதை நம்பித்தான் நடக்கிறேன்.

எழுதிய திருத்தம் கோப்பை வாங்கித் திறக்கிறவருக்குத் தெரியவில்லை என்கிறார்களே?

அடிக்கடி வரும் தகராறு. பேனாவால் எழுதியது பிடிஎஃப்பில் ஒரு தனி அடுக்காக உட்கார்ந்திருக்கும். சில மென்பொருள்கள் அதைக் காட்டாது. அனுப்புவதற்கு முன் அந்த அடுக்கைப் பக்கத்தோடு சேர்த்து ஒட்டிவிட வேண்டும், நல்ல செயலிகள் எல்லாவற்றிலும் இதற்குத் தேர்வு இருக்கும். டிடிபி செய்கிறவர் அக்ரோபேட்டில் திறந்து பிரிண்ட் எடுக்கிறார் என்றால், கமென்ட்டுகளையும் சேர்த்து அச்சடிக்கும்படி அந்த இடத்தில் மாற்றச் சொல்லுங்கள்.

இதோடு ஒன்று. முதல் வருடம் ஒரு செயலிக்குள்ளேயே கோப்புகளை வைத்திருந்தேன். இடம் போதவில்லை என்று அந்தச் செயலியை நீக்கினேன், 160 பக்கத் திருத்தமும் அதோடு போனது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஐபேடில் ஒரு செயலியை நீக்கினால் அதற்குள் இருந்த கோப்புகளும் போகும். அதனால் எந்தச் செயலியில் வேலை செய்தாலும் கோப்பு 'ஃபைல்ஸ்' பகுதியில் தனி ஃபோல்டரில் இருக்கட்டும், அதற்கு ஒரு நகல் கிளவுடிலோ பென்டிரைவிலோ இருக்கட்டும்.

பேனா கட்டாயம் வாங்க வேண்டுமா? அது தனி விலையாமே.

படிக்க மட்டும் என்றால் வேண்டாம். குறிப்பு எழுத என்றால் கட்டாயம் வேண்டும், விரலால் எழுதுவது இரண்டு நாளில் கசந்துவிடும். ஐபேடோடு பேனா வராது என்பதும், அது சின்னத் தொகை இல்லை என்பதும் உண்மையான குறை. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் மாதிரி சிலவற்றில் பேனா பெட்டியிலேயே வருகிறது, அதுவும் சார்ஜ் போடத் தேவையில்லாத பேனா. பட்ஜெட் இறுக்கமாக இருந்து எழுதுவதுதான் முக்கியம் என்றால் நான் அந்தப் பக்கம் போகச் சொல்வேன்.

ஐபேட் வாங்கினால் எந்தப் பேனா எதற்குப் பொருந்தும் என்று பார்த்து வாங்குங்கள், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். என் 9ஆம் தலைமுறைக்கு முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில்தான். அதன் பின்மூடியைக் கழற்றி, ஐபேடின் துவாரத்தில் செருகி, ஒரு சாண் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி சார்ஜ் ஏற்ற வேண்டும். குழந்தை இருக்கிற வீட்டில் அந்த நேரம் பக்கத்திலேயே இருங்கள், ஒரு தட்டு தட்டினால் முனை வளைந்துவிடும். மூடியையும் பத்திரப்படுத்துங்கள். 10ஆம் தலைமுறைக்கும் இதே பேனாதான், ஆனால் நடுவில் ஒரு அடாப்டர். 2023 நவம்பரில் வந்த யுஎஸ்பி-சி பென்சில் விலை குறைவு, இந்தியாவில் 7,900 ரூபாய்க்கு அறிமுகமானது. அதில் அழுத்தம் உணரும் வசதி இல்லை. அழுத்தினால் தடிமனாகவும் தளர்த்தினால் மெல்லியதாகவும் கோடு வராது. திருத்தம் எழுதவும் அடிக்கோடு போடவும் அது ஒரு பொருட்டே இல்லை, படம் வரைகிறவர்களுக்குப் பெரிய இழப்பு. அது 9ஆம் தலைமுறையில் வேலை செய்யாது.

எழுதும்போது இன்னொன்றைக் கவனிப்பீர்கள். விலை குறைந்த ஐபேட்களில் மேல் கண்ணாடிக்கும் அடியில் உள்ள திரைக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. பேனா முனை தொடுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே மை விழுகிற மாதிரி தெரியும், தட்டினால் லேசான 'டொக்' சத்தம் கேட்கும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். நானாக இருந்தால் இந்த இடைவெளிக்காக அதிக விலை மாடலுக்குத் தாவ மாட்டேன், காரணம் அடுத்த கேள்வியில்.

கீழே விழுந்து உடைந்தால்?

இடைவெளி உள்ள மாடலில் பெரும்பாலும் மேல் கண்ணாடி மட்டும்தான் உடையும், அதைத் தனியாக மாற்றலாம். கண்ணாடியோடு ஒட்டிய திரை என்றால் கண்ணாடியும் திரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், செலவு பல மடங்கு. எனக்கு ஒருமுறை கட்டிலிலிருந்து விழுந்து மூலையில் விரிசல் விட்டது. வெளிக்கடையில் கண்ணாடி மாற்றினேன். இன்றுவரை குறையில்லை. முதல் நாளே கெட்டியான கவர் போடுங்கள், மூலைகள் நான்கும் ரப்பரில் மூடியிருக்க வேண்டும்.

தமிழில் டைப் செய்ய எப்படி?

நன்றாகவே வரும். 2013இல் ஐபேடின் அப்போதைய இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தபோதே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வந்துவிட்டன. செட்டிங்ஸில் போய் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் போதும். முரசு அஞ்சல், செல்லினம் ஆகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களைச் செய்த மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய எழுத்துருக்கள்தான் ஆப்பிள் கருவிகளில் தமிழைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. படிக்கும்போது எழுத்து கண்ணை உறுத்தாமல் இருப்பதற்கு அந்த உழைப்பு ஒரு காரணம், நம் ஆள் ஒருவர் செய்தது என்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. பேசி எழுத வேண்டும் என்றால் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கண்ணாடியில் தட்டுவது தட்டுவதுதான். விசை இருக்கிற இடம் விரலுக்குத் தெரியாது, கண் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மின்னஞ்சல், வாட்ஸாப் பதில், அரைப் பக்கக் குறிப்பு வரை சரி. அதற்கு மேல் என்றால் ப்ளூடூத் கீபோர்டு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்து, ஸ்டாண்டும் வாங்கி, கவரும் வாங்கி மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள், ஒரு சுமாரான லேப்டாப் விலை வந்து நிற்கும்.

யூனிகோடில் இல்லாத பழைய கோப்புகள்? பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்தவை?

இது தமிழ் அச்சு வேலையில் இருக்கிறவர்களுக்கு உண்மையான தலைவலி. பாமினியில் அடித்த வேர்ட் கோப்பை ஐபேடில் திறந்தால் 'அம்மா' என்கிற சொல் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நிற்கும். எழுத்துருவைத் தனியாக நிறுவ வழி உண்டு, ஆனால் கணினியில் செய்கிற மாதிரி சுலபம் இல்லை, எல்லாச் செயலிகளும் அதை எடுத்துக்கொள்வதும் இல்லை. அனுப்புகிறவரிடமே பிடிஎஃப்பாக மாற்றித் தரச் சொல்லிவிடுங்கள். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பொதிந்து வரும், பக்கம் சரியாகத் தெரியும். தேடல் மட்டும் வேலை செய்யாது, 'அம்மா' என்று தேடினால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லும்.

அப்படியானால் லேப்டாப்பை விற்றுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா?

நான் விற்கவில்லை, விற்கவும் மாட்டேன். பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர், இன்டிசைன் கோப்புகள் இங்கே திறக்காது. மைக்ரோசாஃப்ட் வேர்ட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 10.1 அங்குலத்துக்கு மேல் திரை உள்ள கருவிகளில் கோப்பைத் திருத்த சந்தா கட்ட வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. என் ஐபேட் 10.2 அங்குலம். கூகுள் டாக்ஸ் இலவசம், சாதாரண வேலைக்கு அது போதும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும், நிலைமை வருடா வருடம் மேலே வந்துகொண்டுதான் இருக்கிறது. 2015இல் திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதி வந்தது. 2017இல் ஃபைல்ஸ் செயலி, 2020இல் டிராக்பேட். கால்குலேட்டர் 2024இல்தான் வந்தது, பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. 2025இல் ஐபேட்ஓஎஸ் 26 என்கிற இயங்குதளம் வந்த பிறகு கணினியில் மாதிரி சாளரங்களை இழுத்துப் பெரிதாக்கி, சிறிதாக்கி, ஒன்றின்மேல் ஒன்று போட்டு வேலை செய்யலாம். என் கருவியில் ராம் 3 ஜிபிதான், அதனால் பிரவுசரில் ஏழெட்டுப் பக்கங்கள் திறந்து வைத்தால் முதல் பக்கத்துக்குத் திரும்பும்போது அது மறுபடி முதலிலிருந்து இறங்கும். அகராதி, மூலநூல், ப்ரூஃப் என்று தாவிக்கொண்டிருக்கிற எனக்கு இது தினசரி உறுத்தல்.

64 ஜிபி போதுமா? மெமரி கார்டு போடலாமா?

எந்த ஐபேடிலும் மெமரி கார்டு போட இடம் கிடையாது. வாங்கும்போது எவ்வளவோ, கடைசி வரைக்கும் அவ்வளவுதான். 64 ஜிபியில் இயங்குதளமே பத்து ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தமிழ் இணைய மின்னூலகத்திலும் 'நூலகம்' என்கிற இணையதளத்திலும் இறக்குகிற ஸ்கேன் புத்தகம் ஒன்று முப்பதிலிருந்து நூறு எம்பி வரை இருக்கிறது; நானூறு, ஐந்நூறு புத்தகம் தாராளமாக வைக்கலாம். படம் இறக்கிப் பார்க்கிற பழக்கம், குழந்தைகளின் விளையாட்டுகள், வீடியோ எடிட்டிங் என்றால் 64 போதாது. 2025 மார்ச்சில் வந்த, ஏ16 சிப் உள்ள ஐபேட் 128 ஜிபியில்தான் தொடங்குகிறது, அறிமுக விலை 34,900 ரூபாய், இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவருக்கு அதுதான் சரி. அதில் யுஎஸ்பி-சி இருப்பதால் பென்டிரைவை நேராகவே செருகலாம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பிக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன, டிஎன்பிஎஸ்சிக்கு அவைதான் அடித்தளம். வரலாறு, புவியியல் புத்தகங்களில் வண்ண வரைபடங்கள் நிறைய, கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அவை வெறும் சாம்பல் திட்டாகத்தான் விழும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்திலேயே குறிப்பு எழுதி, பழைய வினாத்தாளை இன்னொரு பாதியில் வைத்துப் படிப்பது எவ்வளவோ நல்லது. ஒரு மூட்டைப் புத்தகத்தை நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

நிபந்தனை: யூடியூபும் அதே திரையில்தான் இருக்கிறது. படிக்கிற நேரத்தில் அறிவிப்புகளை மொத்தமாக அணைத்து வைக்கும் ஃபோகஸ் வசதியைத் தம்பியே தன் கையால் அமைத்துக்கொள்ளட்டும், அண்ணன் பூட்டி வைத்தால் வேலைக்காகாது. அப்புறம், தேர்வு தாளில் எழுதுவது. விடை எழுதிப் பார்க்கிற பயிற்சி பேனாவிலும் தாளிலும்தான் நடக்க வேண்டும்.

சின்னக் குழந்தைக்கு?

இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சோறு ஊட்டுவதற்காக வாங்குகிறேன் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

வீட்டில் எல்லாரும் ஒன்றையே பயன்படுத்தலாமா?

ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஐபேடில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் மின்னஞ்சல், உங்கள் படங்கள், உங்கள் வேலைக் கோப்புகள் எல்லாம் அதைக் கையில் எடுக்கிற எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். குழந்தையிடம் கொடுக்கும்போது 'கைடட் ஆக்ஸஸ்' போட்டால் ஒரே செயலிக்குள் நிறுத்தி வைக்கலாம். குடும்பத்துக்குப் பொதுவாக ஒன்று என்று நினைக்கிறவர்களுக்கு ஐபேட் சரியான தேர்வு இல்லை என்பது என் கருத்து.

அம்மா அப்பாவுக்கு?

ரொம்ப நல்ல பொருள். என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. போனில் பேரன் முகம் தபால்தலை மாதிரி தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது ஸ்டாண்டில் ஐபேடை வைத்துவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டே பேசுகிறார். 2025 மே மாதம் வாட்ஸாப் ஐபேடுக்கென்று தனிச் செயலி விட்ட பிறகுதான் இது சுலபமாயிற்று. எழுத்தின் அளவைச் செட்டிங்ஸில் இரண்டு படி ஏற்றிவிடுங்கள். வட்டப் பொத்தான் உள்ள 9ஆம் தலைமுறை மாடல் பெரியவர்களுக்கு இன்னும் வசதி: எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் அதை ஒரு அழுத்து அழுத்தினால் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்கிற தைரியம் அம்மாவுக்கு இருக்கிறது. எடை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 487 கிராம், கவரோடு முக்கால் கிலோவைத் தொடும், படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடிக்க முடியாது.

சிம் போடுகிற மாடலா, வைஃபை மட்டுமா?

வைஃபை போதும், வெளியே போனால் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். ஆனால் வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் இல்லை, காரில் வழி பார்க்க வாங்குகிறேன் என்றால் சிம் மாடல்தான். சிம் போட்டாலும் ஐபேடில் சாதாரண போன் கால் பேச முடியாது, இதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 38, 40 சாதாரணம். மின்விசிறி மட்டும் ஓடுகிற மாடி அறையில் மதியம் சார்ஜ் போட்டபடியே வேலை பார்த்தால் பின்பக்கம் நன்றாகச் சுடும், திரை தானாக மங்கும். வெயில் நேரத்தில் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டேன். ராத்திரி போடுகிறேன், காலையில் எடுத்தால் மாலை வரை ஓடுகிறது. நிறுத்திய காருக்குள் மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கரண்ட் போகிற நேரத்தில் இதுதான் என் வேலையைக் காப்பாற்றுகிறது. டெஸ்க்டாப்பில் இருந்தவரை கரண்ட் போனால் கை கட்டி உட்கார்ந்திருந்தேன்.

படிக்க மட்டும் என்றால் கிண்டில் வாங்கலாமே?

நாவல் படிக்க மட்டும் என்றால், மின்னூல் படிப்பதற்கென்றே அமேசான் விற்கிற கிண்டில்தான். கண்ணுக்கு இதம், எடை குறைவு, வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும், 2016இலிருந்து தமிழ்ப் புத்தகங்களும் விற்கிறார்கள். மதுரைத் திட்டம் என்கிற இலவச மின்னூல் தொகுப்பில் 1998இலிருந்து ஏற்றி வருகிற சங்க இலக்கியம் முதலான நூல்களையும் அதில் ஏற்றிப் படிக்கலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்று வந்தால் ஆறு, ஏழு அங்குலத் திரையில் எழுத்து கடுகாகிவிடும். என் படிப்பில் பாதிக்கு மேல் ஸ்கேன் புத்தகங்கள், அதனால் எனக்கு ஒத்துவரவில்லை. ஐபேடில் ராத்திரி நெடுநேரம் படித்தால் கண் எரியும், அது உண்மை. ஒன்பது மணிக்கு மேல் நான் அச்சுப் புத்தகத்துக்கு மாறிவிடுகிறேன்.

பழையது வாங்கலாமா?

9ஆம், 10ஆம் தலைமுறை இரண்டும் ஐபேட்ஓஎஸ் 26 வரை புதுப்பிப்பு வாங்கியிருக்கின்றன, அதனால் தாராளமாக வாங்கலாம். கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள். முந்தையவரின் ஆப்பிள் கணக்கு முழுக்க நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் வாங்காதீர்கள், அது பூட்டிய பெட்டி. அடுத்து வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, திரையில் வெளுத்த திட்டுகள் இருக்கின்றனவா பாருங்கள். மூன்றாவது பேட்டரி. இந்த இரண்டு மாடல்களிலும் பேட்டரியின் நிலையைக் காட்டுகிற பக்கம் செட்டிங்ஸில் இல்லை. அரைமணி நேரம் வீடியோ ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் வழி. பத்துக்கு மேல் இறங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

உங்களுடையது இன்னும் எத்தனை நாள் ஓடும்?

நான்கு வருடம் ஆகிவிட்டது. முன்பு பத்து மணி நேரம் நின்றது, இப்போது ஏழு. பேனா முனை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன், திரையில் வலது ஓரம், திருத்தம் எழுதுகிற இடம் மட்டும், பளபளப்பு குறைந்து தேய்ந்திருக்கிறது. இந்த மாதம் 320 பக்க நாவல் ஒன்று கையில் இருக்கிறது, 190ஆம் பக்கம் வரை வந்திருக்கிறேன்.